இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு: உளவியல் வினாக்கள் முதல் காவல் சரிபார்ப்பு வரை முழு வழிகாட்டி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் பொதுத்தேர்வில் இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு. ஒன்று, கடந்தால் போதும் என்கிற வாசல். இன்னொன்று, தரவரிசையில் உங்களை மேலே ஏற்றுகிற மதிப்பெண். இந்த வேறுபாடு தெரியாமல் தயாராகிறவர்கள் தமிழ்த் தகுதித் தேர்வில் 70 எடுத்துவிட்டு முதன்மைத் தேர்வில் கோட்டை விடுகிறார்கள். 1500 மீட்டரை ஐந்தே கால் நிமிடத்தில் ஓடிவிட்டு, கயிறு ஏறத் தெரியாமல் நிற்கிறார்கள்.

மொத்தம் 100 மதிப்பெண். முதன்மை எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் போட்டிகள் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சேர்த்து 6. தரவரிசைக்குக் கணக்கு இவ்வளவுதான். வயது, உயரம், மார்பளவு, தமிழ்த் தகுதித் தேர்வு, ஓட்டம், மருத்துவம், காவல் சரிபார்ப்பு எல்லாமே வாசல்கள். அவற்றில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. ஆனால் ஏதாவது ஒன்றில் தட்டினாலும் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

இங்கே தரும் அளவுகள் 2022க்குப் பிந்தைய தேர்வு முறைப்படி. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: விண்ணப்பிக்கும் முன் உங்களை நீங்களே அளந்து பாருங்கள்

கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 31, ஆதரவற்ற கைம்பெண்களுக்கு 37 வரை தளர்வு உண்டு. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதை அறிவிக்கையில் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் வாய்ப்பை இழப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அதே தளர்வில் 157. ஆண்களின் மார்பளவு சாதாரண நிலையில் 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும்.

உயரத்தை வீட்டில் அளக்கும்போது காலையில், வெறுங்காலில், சுவரில் குதிகால், பிட்டம், தோள் மூன்றும் ஒட்ட நின்று அளங்கள். முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து காட்டும். ஒரே ஆளுக்குக் காலையில் 170.4, சாயங்காலம் 169.6 என்று வருவது இதனால்தான். விளிம்பில் இருப்பவர்கள் அளவீட்டு நாளன்று முந்தைய இரவு நன்றாகப் படுத்துத் தூங்க வேண்டும், பேருந்தில் உட்கார்ந்தபடி விடிய விடியப் பயணம் செய்யக் கூடாது. மைதானம் இருக்கும் ஊருக்கு முதல் நாள் மதியமே போய்ச் சேருங்கள். அளவில் ஐயம் இருந்தால் அந்த இடத்திலேயே பொறுப்பு அதிகாரியிடம் மறு அளவீடு கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு வருந்திப் பயனில்லை.

மார்பு விரிவு பயிற்சியால் கூடும். சாதாரண நிலையில் 84 செ.மீ. இருப்பவரும் விரிவு 4 செ.மீ. மட்டுமே என்றால் வெளியேதான். தினமும் பத்து நிமிடம் ஆழமாக மூச்சிழுத்து ஐந்து விநாடி நிறுத்தி விடுவதும், தண்டாலும், ஆறு வாரத்தில் பலன் தரும். நாடாவைப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: தமிழ்த் தகுதித் தேர்வு

80 வினா, 80 நிமிடம், 80 மதிப்பெண். 40 விழுக்காடு, அதாவது 32 எடுத்தால் போதும். அதை எடுக்காவிட்டால் முதன்மைத் தேர்வு விடைத்தாளையே திருத்த மாட்டார்கள். எடுத்த மதிப்பெண் எங்கும் சேராது.

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியை ஒழுங்காகப் படித்தால் இந்த வாசல் திறந்துவிடும். பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 50க்கு மேல் வந்தால் இதை மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 35 பக்கம் நின்றால் மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: முதன்மைத் தேர்வும் அந்த 25 வினாக்களும்

முதன்மைத் தேர்வில் 70 வினா, 80 நிமிடம். பொது அறிவு 45, உளவியல் 25. பொது அறிவு கடல். அறிவியல், வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, நடப்பு நிகழ்வு என்று எவ்வளவு படித்தாலும் பத்து வினா புதிதாகத்தான் இருக்கும். உளவியல் பகுதி அப்படியல்ல. அதில் வரும் வகைகளை எண்ணிவிடலாம். முறை தெரிந்தவருக்கு 25க்கு 22 எட்டக்கூடிய இலக்கு. மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இது.

பெயர்தான் பலரைத் திசைதிருப்புகிறது. உளவியல் என்றவுடன் மனநலப் பாடப்புத்தகம் வாங்கிப் படிக்கிறவர்கள் உண்டு. பாடத்திட்டம் சொல்வது தருக்கப் பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, உளவியல் தேர்வு, கருத்துப் பரிமாற்றத் திறன், தகவல்களைக் கையாளும் திறன். நடைமுறையில் பெரும்பகுதி அறிவுக்கூர்மை வினாக்களே. ஒவ்வொரு வகையிலும் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

*உறவுமுறை.* தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. நமக்கு மாமா வேறு, சித்தப்பா வேறு, பெரியப்பா வேறு. வினாக்கள் பெரும்பாலும் ஆங்கில அமைப்பில் யோசித்து உருவாவதால் ‘சகோதரர்’, ‘பேரன்’ என்று பொதுப்படையாக வரும். அண்ணனா தம்பியா, மகன்வழியா மகள்வழியா என்று வினா சொல்லாத எதையும் நீங்கள் சேர்க்கக் கூடாது. ‘இவர் என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் ஒரே மகனுடைய மகள்’ என்று ஒருவன் சொன்னால், ஒரே மகன் என்பது அவன் அப்பாவே, ஆகவே அவள் அவனுடைய சகோதரி. இதே வினாவில் வெறுமனே ‘தாத்தா’ என்றிருந்தால் அம்மாவைப் பெற்றவராகவும் இருக்கலாம். அப்போது ஒரே மகன் மாமா ஆகிவிடுவார், அந்தப் பெண் மாமன் மகள். விடைகளில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே குறியுங்கள். மனத்துக்குள் தீர்க்காமல் படமாக வரையுங்கள்: தலைமுறை மாறினால் மேல்கீழ்க் கோடு, உடன்பிறப்புக்குப் படுக்கைக் கோடு, கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு.

*திசை.* ஒருவர் வடக்கே 10 கி.மீ. நடந்து, வலப்புறம் திரும்பி 6 கி.மீ., மீண்டும் வலப்புறம் திரும்பி 2 கி.மீ. நடக்கிறார். வடக்கில் மிச்சம் 8, கிழக்கில் 6, ஆகவே தொடங்கிய இடத்திலிருந்து 10 கி.மீ. தொலைவில் வடகிழக்கில் இருக்கிறார். தவறு நடப்பது தெற்கு நோக்கி நடப்பவர் திரும்பும்போது. அவருடைய வலது மேற்கு, தாளைப் பார்க்கும் உங்கள் வலது கிழக்கு. ஐயம் வந்தால் வினாத்தாளைச் சுழற்றிப் பாருங்கள். நிழல் வினாவில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காலை நிழல் மேற்கே விழும், மாலை நிழல் கிழக்கே.

*முக்கூற்று.* ‘எல்லாக் காவலர்களும் அரசு ஊழியர்கள். சில அரசு ஊழியர்கள் ஓட்டுநர்கள். எனவே சில காவலர்கள் ஓட்டுநர்கள்.’ சரியா? கொடுத்த கூற்றுகளிலிருந்து இது பெறப்படாது. காவல்துறையில் ஓட்டுநர்கள் இருக்கிறார்களே என்று நமக்குத் தெரிந்த உண்மை குறுக்கே வருவதால்தான் பலரும் ‘சரி’ என்று குறிக்கிறார்கள். வட்டம் வரையுங்கள். காவலர் வட்டத்தைத் தொடாமலேயே ஓட்டுநர் வட்டத்தை அரசு ஊழியர் வட்டத்தில் வெட்ட முடிகிறது என்றால் முடிவு தவறு. வழக்கு விசாரணைக்கும் இதே ஒழுக்கம் வேண்டும்: சாட்சி சொன்னது ஒன்று, நாம் ஊகித்துக்கொண்டது வேறொன்று. பாடத்திட்டத்தில் இந்த வகை இருப்பதை நியாயமாகவே கருதுகிறோம்.

*எண் தொடர்.* முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள். 2, 6, 12, 20, 30 என்றால் வித்தியாசம் 4, 6, 8, 10, எனவே அடுத்தது 42. 7, 11, 19, 35 என்றால் வித்தியாசம் 4, 8, 16, எனவே 67. வித்தியாசம் பிடிபடாவிட்டால் பெருக்கல், அதுவும் இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒன்று. மூன்றும் ஒரு நிமிடத்தில் பலிக்கவில்லை என்றால் அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.

*கடிகாரமும் நாட்காட்டியும்.* முட்களுக்கு இடையிலான கோணத்துக்கு மணியை 30ஆலும் நிமிடத்தை ஐந்தரையாலும் பெருக்கிக் கழியுங்கள். 3 மணி 40 நிமிடம் என்றால் 90க்கும் 220க்கும் வித்தியாசம் 130 பாகை. விடை 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழிக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். கிழமை வினாவுக்கு ஏழால் வகுத்து மிஞ்சும் நாட்களே போதும். 2025 ஜனவரி 26 ஞாயிறு என்றால் ஆகஸ்ட் 15 என்ன கிழமை? ஜனவரியில் மீதி 5, பிப்ரவரி 0, மார்ச் 3, ஏப்ரல் 2, மே 3, ஜூன் 2, ஜூலை 3, ஆகஸ்டின் 15 நாளில் 1. கூட்டினால் 19, ஏழால் வகுத்தால் மீதி 5. ஞாயிறிலிருந்து ஐந்தாவது நாள் வெள்ளி. லீப் ஆண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

*வேலை, விழுக்காடு.* 12 நாளில் முடிப்பவரும் 18 நாளில் முடிப்பவரும் சேர்ந்தால்? பின்னத்துக்குள் போகாதீர்கள். மீ.சி.ம. 36ஐ மொத்த வேலை என்று வையுங்கள். ஒருவர் நாளுக்கு 3, மற்றவர் 2, சேர்ந்தால் 5. 36ஐ 5ஆல் வகுத்தால் 7.2 நாள். விழுக்காட்டில் அடிப்படை எண்ணே எல்லாம்: 120 வழக்கு 150 ஆனால் 25 விழுக்காடு உயர்வு, 150 வழக்கு 120 ஆனால் 20 விழுக்காடு குறைவு. அட்டவணை வினாக்களில் இந்த இரண்டு எண்களும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

*சூழல் வினாக்கள்.* சாலை விபத்து இடத்துக்கு முதலில் வந்து சேர்கிறீர்கள், என்ன செய்வீர்கள் என்ற மாதிரி. வரிசை எப்போதும் ஒன்றே: உயிர், பாதுகாப்பு, தகவல், தடயம். அடிபட்டவருக்கு 108ஐ அழைப்பது முதல் வேலை, மற்ற வாகனங்கள் மோதாமல் தடுப்பது அடுத்தது, பிறகு நிலையத்துக்குச் சொல்வது, இடத்தைக் கலைக்காமல் காப்பது. வண்டியை ஓட்டியவரை அடிப்பது, பார்க்காதது போல் போய்விடுவது, எல்லாவற்றையும் மேலதிகாரி வரும்வரை நிறுத்திவைப்பது ஆகிய மூன்றும் பொறிகள்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். பொது அறிவு 45க்கு 25 நிமிடம், தெரிந்தால் குறிக்க வேண்டும், தெரியாவிட்டால் தாண்ட வேண்டும். உளவியல் 25க்கு 42 நிமிடம். மீதி 13 நிமிடம் தாண்டியவற்றுக்கும் விடைத்தாள் சரிபார்ப்புக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எனவே எதையும் வெற்றாக விடாதீர்கள். ஒரு வினாவைத் தாண்டும்போது விடைத்தாளிலும் அந்த வட்ட வரிசையைத் தாண்ட மறந்து, அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி பிசகிப் போவது ஒவ்வொரு தேர்விலும் நடக்கிறது. பத்து வினாவுக்கு ஒருமுறை எண்ணை ஒத்துப் பாருங்கள்.

மதிப்பெண் அதிகமானால் ஆபத்தா?

பட்டதாரிகள் பலர் கேட்கும் கேள்வி இது: பத்தாம் வகுப்புத் தகுதிக்கான வேலைக்குப் பொறியியல் படித்தவர் வந்தால், அதிகம் படித்தவர் என்று ஒதுக்கிவிடுவார்களா? இந்த அச்சத்துக்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரக் காவல்துறை 1996இல் 12 நிமிடத்தில் 50 வினாக்கள் கொண்ட வொண்டர்லிக் தேர்வை வைத்தது. 20 முதல் 27 வரை எடுத்தவர்களையே நேர்காணலுக்கு அழைத்தது. ராபர்ட் ஜோர்டன் என்பவர் 33 எடுத்தார், அழைப்பு வரவில்லை. மிகுந்த கூர்மை உள்ளவர்கள் வேலையில் சலித்து, பயிற்சிச் செலவு வீணாகும்படி விலகிவிடுவார்கள் என்று நகரம் வாதிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதால் இது பாகுபாடல்ல என்று மாவட்ட நீதிமன்றம் 1999இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இலும் தீர்ப்பளித்தன. அந்தத் தீர்ப்பு சட்டப்படி நின்றது, ஆனால் நல்ல கொள்கை என்று எங்களால் சொல்ல முடியாது. விசாரணை, ஆவணம், சட்டப்பிரிவு என்று அன்றாடம் மூளையைக் கேட்கும் வேலையில் மேல் எல்லை வைப்பது துறைக்கே நட்டம்.

நம் தேர்வில் அப்படி மேல் எல்லை கிடையாது. ஒரு மதிப்பெண் கூடினால் ஒரு படி மேலே. எனவே ‘எல்லை தாண்டினால் போதும்’ என்ற கணக்கில் உளவியல் பகுதியை விட்டுவிடாதீர்கள். பட்டத்தை மறைக்கவும் தேவையில்லை.

நான்காம் படி: மைதானம்

ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்தில், பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடியில். இது வாசல். 400 மீட்டர் தடத்தில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று, 7 நிமிடத்துக்கு ஒரு சுற்று 112 விநாடி. பயிற்சியில் சுற்றுக்கு 100 விநாடி என்று பழகினால் ஆறேகால் நிமிடத்தில் முடியும், தேர்வு நாளின் பதற்றத்துக்கும் வெயிலுக்கும் அந்த இடைவெளி போதும். கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 80 விநாடியில் ஓடுபவர்கள்தான் மூன்றாவது சுற்றில் நடக்கிறார்கள்.

மதிப்பெண் தருவது அடுத்து வரும் மூன்று போட்டிகள், சேர்த்து 24. ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று இரு அளவு. இரண்டு நட்சத்திரத்துக்கே முழு மதிப்பெண்.

ஆண்கள்: கயிறு ஏறுதல் 5 மீட்டர், 6 மீட்டர். நீளம் தாண்டுதல் 3.80, 4.50 மீட்டர், அல்லது உயரம் தாண்டுதல் 1.20, 1.40 மீட்டர். 100 மீட்டர் ஓட்டம் 15, 13.5 விநாடி, அல்லது 400 மீட்டர் 80, 70 விநாடி.

பெண்கள்: நீளம் தாண்டுதல் 3, 3.75 மீட்டர். குண்டு எறிதல் 4.25, 5.50 மீட்டர், அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் 17, 24 மீட்டர். 100 மீட்டர் 17.5, 15.5 விநாடி, அல்லது 200 மீட்டர் 38, 33 விநாடி.

கயிறுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது, ஏனென்றால் ஊரில் பழக இடமில்லை. வலுவான மரக்கிளையில் அல்லது உடற்பயிற்சிக் கூடத்தில் தடித்த கயிறு கட்டி, கீழே மணல் கொட்டிப் பழகுங்கள். கையால் மட்டும் இழுத்தால் நான்காவது மீட்டரில் முன்கை இறுகிவிடும். ஒரு பாதத்தின் மேல் கயிறு படிய, மறு பாதத்தால் அதை மிதித்துப் பூட்டி, முழங்காலை நிமிர்த்தி உடலை மேலே தள்ள வேண்டும். கையின் வேலை பிடிப்பது, ஏற்றுவது கால். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கை உரிந்து, அடுத்த போட்டியே கெடும்.

நீளம் தாண்டுதலில் தூரத்தைவிடக் கோட்டு மிதிப்பே எமன். ஓடிவரும் அடிகளை எண்ணிப் புறப்படும் இடத்தைக் குறித்து, தினமும் அதே இடத்திலிருந்து ஓடுங்கள். விழுந்தபின் கையைப் பின்னால் ஊன்றினால் அந்தக் கைத்தடத்திலிருந்தே அளப்பார்கள்.

ஐந்தாம் படி: மருத்துவம்

நிறக்குருடு, மாறுகண், தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், நரம்புச் சுருட்டு ஆகியவை இங்கே வெளிப்படும். விண்ணப்பிக்கும் முன்பே அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துவிட்டால் ஓராண்டு உழைப்பை எங்கே போடுவது என்று தெரிந்துவிடும். தட்டைப் பாதத்தை வீட்டிலேயே பார்க்கலாம்: ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று விலகுங்கள். உள்வளைவு இல்லாமல் முழுத் தடமும் பதிந்திருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆறாம் படி: காவல் சரிபார்ப்பு

எல்லாக் கட்டமும் தாண்டித் தற்காலிகப் பட்டியலில் பெயர் வந்தபின் வேலையை இழக்கும் இடம் இதுதான், அதுவும் பெரும்பாலும் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் ‘இல்லை’ என்று எழுதியதால். உங்கள் மேல் வழக்கு ஏதும் இருந்ததா என்று படிவம் கேட்கும். திருவிழாத் தகராறில் பத்துப் பேர் பெயரைச் சேர்த்துப் போட்ட முதல் தகவல் அறிக்கை, லோக் அதாலத்தில் சமரசமானது, நீதிமன்றம் விடுவித்தது எல்லாமே வழக்குதான். ‘முடிந்துபோனதுதானே’ என்று விட்டால் அது மறைப்பு ஆகிறது. அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், உறுதிமொழியில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. சிறு வழக்கை மறைத்ததைத் துறை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது துறையின் விருப்பம். உள்ளதைச் சொன்னாலும் முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை துறைக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டு விதி இன்னும் கடுமையானது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14ஆம் விதியில் உள்ள விளக்கப்படி, ஐயத்தின் பலனை அளித்து (குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று) விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுவிக்கப்பட்டவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதை ஏற்றது. சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு மாண்புடன், அதாவது குற்றமற்றவர் என்றே விடுதலை ஆனால், அடுத்த ஆள்சேர்ப்பில்தான் கோர முடியும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே செய்ய வேண்டியவை: உங்கள் பெயரில் வழக்கு உண்டா என்று நிலையத்தில் விசாரியுங்கள். இருந்தால் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ‘ஐயத்தின் பலன்’ என்ற சொற்கள் இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அதைச் சீர்செய்ய மேல்முறையீடோ வேறு வழியோ உண்டா என்று அவரே சொல்வார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றால், சமரசமாக முடிக்கலாம் என்று யாராவது எளிதாகச் சொல்லும்போது, சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். படிவத்தில் வழக்கு எண், நிலையம், பிரிவு, முடிவு, தேதி ஐந்தையும் எழுதி, நகலை இணைத்து, நிரப்பிய படிவத்தின் ஒளிநகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.